முதிர்வுக்குத் தடை

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை வளர்பிறை நிதியின் இரும்புக் கதவு திறக்காமல் போனது. அடுத்த வாரம் உள்ளூர் கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வந்து அந்தக் கதவிலேயே ஒட்டப்பட்டது. அதற்கு மறுநாளிலிருந்து நெடுங்கரையில் வாழைத்தார்கள் பழுப்பதை நிறுத்திக்கொண்டன.

எங்கள் ஊரில் முதிர்வு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. நிதியில் போட்ட பணம் வட்டியோடு திரும்பி வரும் நாள்தான் முதிர்வு. பெண் கொடுக்கிறவர்கள் "எனக்குத் தையில முதிர்வு, மாசியில வச்சுக்கிடலாம்" என்று முகூர்த்தம் குறித்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் முதிர்வு வரை அஸ்திவாரத்தோடு நிறுத்தி வைத்தார்கள். கடன் கேட்டு வருகிறவர்களிடம் "முதிர்வு ஆகட்டும், பாப்போம்" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். வைப்புத்தொகை என்ற சொல் ரசீதின் தலைப்பில் மட்டும் அச்சாகியிருந்தது, அதை யாரும் வாயால் சொன்னதில்லை.

நிதி மூடியபோது ஒரு பேச்சு பரவியது. டைரக்டர்களின் மச்சான், மைத்துனிகளுக்கெல்லாம் அந்த மாதத்தில்தான் முதிர்வு வருகிறதென்றும், பெட்டியில் மிச்சமிருப்பதைப் பின்வாசல் வழியாக அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நமக்குக் கைவிரிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள். ஊர் திரண்டு சுயம்பு அண்ணாச்சியின் வாழைமண்டியில் கூடியது. அண்ணாச்சிதான் நிதியில் அதிகம் போட்டவர். அவர் எடைத் தராசைக் கையால் அடித்து, "எவனுக்கும் எந்த முதிர்வும் நடக்கக் கூடாது, இதை அப்படியே எழுதச் சொல்லுங்க" என்றார். டைப்பிஸ்ட் அப்படியே அடித்தார். மனுவில் இருந்த வரியையே கோர்ட்டும் எடுத்துக்கொண்டது: வைப்பாளர்களுக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும், மறு உத்தரவு வரும்வரை, எந்த முதிர்வும் நடைபெறக் கூடாது.

கதவில் அதைப் படித்தபோது கை தட்டினோம். சரவெடி கூட வெடித்தார்கள்.

பிறகு மண்டியில் பழுக்கப் புகைமூட்டம் போட்ட தார்கள் போட்டபடியே பச்சையாக இருந்தன. மறுபடியும் மூட்டம் போட்டார்கள். மதுரைக்கு லாரியில் ஏற்றி அனுப்பிய தார்கள் மதுரையிலும் பச்சையாகவே இருந்ததால் திரும்பி வந்தன. முருங்கைப் பிஞ்சு பிஞ்சாகவே தொங்கியது, நெல்லில் பால் பிடித்து அதோடு நின்றது. பத்தாம் வகுப்புப் பையன்களின் குரல் பாதி உடைந்து, பாதி உடையாமல், அப்படியே தங்கிவிட்டது. பட்டாளத்தில் இருக்கும் ஒருவன் பூனாவிலிருந்து போன் செய்து, மீசை அரும்போடு நிற்கிறது, ஊரில் எதுவும் விசேஷமா என்று கேட்டான். சாயம் விற்கும் கடைக்காரர் புதிதாக யாருக்கும் நரைக்கவில்லை என்று புலம்பினார். இட்லி மாவு மட்டும் எப்போதும்போலப் புளித்தது. புளிப்பது முதிர்வில் சேராது, அது கெடுவதில் சேரும், கெடுவதற்கு எந்தக் கோர்ட்டும் தடை தரவில்லை என்று டீக்கடையில் பேசி முடித்தார்கள்.

லைன்மேன் பூதத்தானுக்கு அந்தப் புரட்டாசியில் ஓய்வு. மாலை வாங்கி, சால்வை வாங்கி, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் 'வயது முதிர்வின் காரணமாக' என்று தொடங்கும் அந்த ஆணையில் கையெழுத்துப் போடப் போன அதிகாரியின் பேனா எழுதவில்லை, வேறு பேனாவும் எழுதவில்லை. பூதத்தான் மாலையோடு வீட்டுக்குப் போய், மறுநாள் வழக்கம்போல ஏணியோடு வேலைக்கு வந்தார். "இப்படியே விட்டா நம்மூர் கம்பத்துல நூறு வயசுக்காரன் ஏறுவான்வே" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார், முழங்காலைத் தடவிக்கொண்டே.

ஊர் பழகிக்கொண்டது. வாழைக்காய் சிப்ஸ் போடும் அடுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கோயிலில் பஞ்சாமிர்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. நிதியை நம்பாமல் தபாலாபீசில் பணம் போட்டிருந்த ஐசக் சார் வீட்டில் மட்டும் ஒரு பப்பாளி பழுத்தது. அதைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் ஆளுக்கொரு கீற்று அரிந்து கொடுத்தார். வாங்கித் தின்றவர்கள் அவரை அதற்காக மன்னிக்கவில்லை.

எங்களால் மட்டும் பழகிக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் அக்கா இருந்தாள்.

அக்கா உலகம்மாளுக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, நிதி மூடுவதற்கு முந்தின வாரம்தான் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அம்மா ஓட்டல்களுக்கு வாழையிலைக் கட்டு போடுகிறவள். இலை விற்று அக்காவின் பிரசவத்துக்கென்று சேர்த்ததெல்லாம் நிதியில் இருந்தது, முதிர்வு ஐப்பசியில். பணம் போன கவலையில் நாங்கள் முதலில் வேறெதையும் கவனிக்கவில்லை. ஐப்பசியும் போய்க் கார்த்திகையும் வந்து, கணக்குப்படி வலி எடுக்க வேண்டிய நாட்களும் தாண்டிய பிறகுதான் டாக்டரம்மா ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இதயம் துடித்தது. குழந்தை கை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அளவு மட்டும் ஏழு மாத அளவு.

"அறுத்து எடுத்துற முடியாதாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுக்கலாம். ஏழு மாசப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு வளர்த்திரலாம். ஆனா பெட்டிக்குள்ள வச்சாலும் அது வளரணுமே. உங்க ஊர்லதான் எதுவும் வளர மாட்டேங்குதே." டாக்டரம்மா வெளியூர்க்காரர், கோபமாக இருந்தார். "பிள்ளை எத்தனை நாள் வேணாலும் காத்திருக்கும். இந்தப் பொண்ணு உடம்பு காத்திருக்காது. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது."

அத்தான் அக்காவைத் தன் ஊருக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தார். எல்லை தாண்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தை மாதம் போய் மாசியில் அதே வயிற்றோடு திரும்பி வந்தாள். அம்மா வைப்பாளர், அக்கா வாரிசு, வயிற்றில் இருப்பதும் வாரிசுதான், உத்தரவு ஆளோடு போகும், ஊரோடு நிற்காது என்று எங்கள் தரப்பு வக்கீல் ஜெபமணி மேடம் விளக்கினார்.

அக்கா அதிகம் பேசுகிறவள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பகல் முழுக்கச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், கண் மட்டும் மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கும். நான் வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுப்பேன். விரலால் அழுத்தினால் குழி விழும், அது எழும்பி வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

"ஏட்டி ஆவுடை, இதுக்கு நான் யாருன்னு தெரியுமா?" என்றாள் ஒருநாள்.

"ஏன் தெரியாது?"

"இத்தனை நாள் உள்ள கிடக்கே. சலிச்சுப் போயிருக்காதா?"

எனக்கு எப்போதுமே பதில் உடனே வராது. கல்லூரியிலும் அப்படித்தான், மணி அடித்த பிறகுதான் வாய்க்கு வரும்.

உத்தரவை முழுதாக நீக்க வேண்டியதில்லை, ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும் என்று ஜெபமணி மேடம் சொன்னதை ஊர் முழுக்க அறிந்திருந்தது. 'எந்த முதிர்வும்' என்பதற்கு முன்னால் 'வைப்புத்தொகைகளின்' என்று சேர்த்துவிட்டால் டைரக்டர்களின் மச்சான்களுக்குப் பணமும் போகாது, மற்றதெல்லாம் தன் பாட்டில் முதிரும். ஆனால் கேட்டு வாங்கியவர்கள்தான் திருத்தவும் கேட்க வேண்டும். ஊர் அண்ணாச்சியிடம் போனது. அண்ணாச்சி மாட்டேன் என்றார்.

"ஒரு வார்த்தையைத் தொட்டா மொத்த உத்தரவும் கலைஞ்சிரும்வே. அவனுவ வக்கீல் அதுக்குத்தான் காத்துக் கிடக்கான்."

"உம்ம மண்டியிலயே பழம் இல்லாம ஈ ஓட்டுதீரு அண்ணாச்சி. உமக்குத்தானே நட்டம்?"

"என் நட்டம் எனக்குத் தெரியும்."

அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பதறி விலகி, "உலகம்மாளுக்கு நல்லபடியா ஆகும் தங்கச்சி, அடுத்த வாய்தா வரட்டும்" என்றார். அடுத்த வாய்தா வந்தது, ஜட்ஜ் விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. அதற்கடுத்ததில் ஜட்ஜ் மாறிவிட்டார், புது ஜட்ஜ் கட்டுகளைப் படிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருத்த மனு எங்கே என்று ஊர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தது, அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பணம் பெரிதாகிவிட்டது, வயிறு சிறிதாகிவிட்டது என்று பெண்கள் குழாயடியில் அவருக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், அக்காவின் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாள்வரை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துத் தூண் அருகே நின்றிருந்தேன். டாக்டரம்மாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணாச்சியும் அவர் மனைவி வடிவம்மாள் அத்தையும். அத்தை முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கட்டி போன தடவை இருந்த அதே அளவு. கொஞ்சம்கூட வளரல" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி சன்னிதியில் நிற்பதுபோல இரண்டு கையையும் கூப்பினார். அத்தை வெளியே பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வராமல் போனது பெரிய கஷ்டமாக இருந்தது. வீட்டில் அம்மா அவரைச் சபிக்கும்போது நான் அக்காவின் காலைப் பிடித்தபடி குனிந்துகொள்வேன். குழந்தை நகர்ந்தால் அத்தையின் முந்தானை நினைவுக்கு வரும். அத்தை தெருவில் போனால் அக்காவின் கால் நினைவுக்கு வரும்.

பங்குனியில் அக்காவுக்குக் கண் மங்கியது. வாசலில் நிற்பது அத்தானா பால்காரரா என்று தெரியவில்லை என்றாள். இன்னும் சில வாரம் இப்படியே போனால் வலிப்பு வரலாம், அப்புறம் என் கையில் இல்லை என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த வார வாய்தாவுக்கு அம்மாவுக்குப் பதிலாக நான் போனேன். கோர்ட் வராந்தாவில் கூட்டம். டவாலி வெளியே வந்து ஆகாயத்தைப் பார்த்து, ஒரே ராகத்தில், "வடிவம்மாள்... வடிவம்மாள்... வடிவம்மாள்..." என்று கூப்பிட்டார். அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாய்தா பத்து நாள் தள்ளி என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். எத்தனையோ மாதமாக ஊரே கேட்டுக்கொண்டிருந்த கூப்பாடுதான் அது. கூப்பிட்டது ஒருவரை, போனது ஒருவர் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஜெபமணி மேடம் படியில் இறங்கும்போது பின்னாலேயே ஓடினேன். "மேடம், கேஸ் அத்தை பேர்லயா இருக்கு?"

"ஆமா, வடிவம்மாள் வகையறான்னுதான் கேஸ். நம்மூர் வழக்கம்தானே, வியாபாரிங்க பணத்தைப் பொண்டாட்டி பேர்ல போடுறது. பெரிய தொகை அவங்களுது, அதனால முதல் வாதி அவங்க. எல்லாருக்கும் சேர்த்து அவங்கதான் கையெழுத்து."

"அப்ப திருத்தச் சொல்லி..."

"அவங்க சொன்னாப் போதும். அண்ணாச்சி சும்மா துணைக்கு வர்றவர்." மேடம் என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேக்கலம்மா. அந்த அம்மாகிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

மறுநாள் மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனேன், வாசலில் செருப்பைக் கழற்றியதும் எல்லாம் உதிர்ந்துவிட்டது. அத்தை முற்றத்தில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய் தடவியிருந்தாள், கறை ஒட்டாமலிருக்க.

"வாட்டி. அக்காளுக்குக் கால் எப்படி இருக்கு?"

"கண்ணும் மங்கலா இருக்கு அத்தை."

சீவும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். வாழைக்காய்த் தோலின் பச்சை வாசனை மூக்கை அடைத்தது.

"கோர்ட்ல..." என்றேன். "கோர்ட்ல உங்க பேரைத்தான் கூப்பிடுதாவ அத்தை."

"என் பேரையா?"

"மூணு தடவை."

"அவுகதானே போறாவ?"

"அவுகதான் போறாவ. ஆனா கூப்பிடுதது உங்களை."

அத்தை சிரித்தாள். "கல்யாணத்துல ஐயர் சொன்னதோட சரி. அதுக்கப்புறம் என் பேரை இத்தனை தடவை யாரும் கூப்பிட்டதில்ல. எல்லாருக்கும் நான் அண்ணாச்சி வீட்டம்மாதான்." சிரிப்பு அடங்கியது. "நீ அன்னைக்கு ஆஸ்பத்திரியில தூணுக்குப் பின்னால நின்னே."

"யார்ட்டயும் சொல்லல அத்தை."

"தெரியும். சொல்லியிருந்தா இந்நேரம் பாதி ஊர் பழத்தட்டோட வந்து துக்கம் விசாரிச்சிருக்கும். பழத்துக்கு எங்க போவாளுவ, அது வேற." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ என்ன கேக்க வந்திருக்கன்னு உனக்குத் தெரியுதாட்டி? வாயைத் திறந்து கேளு பாப்போம்."

அழுகைதான் வந்தது.

"அழாத. நான் என்ன மாரியாத்தாளா, இந்தான்னு எடுத்துக் குடுக்க? எனக்கும் பயமாத்தான் இருக்கு. டவுன் ஆஸ்பத்திரியில கத்தி வைக்கணும்னு போன வருசமே சொன்னாவ. பயந்துக்கிட்டுப் போகல. அப்புறம் இந்த உத்தரவு வந்துது, அவுகளுக்கு உயிர் வந்துது. இனி கத்தி வேண்டாம்னுட்டாவ. ராத்திரி தூங்குதாவ, தெரியுமா? அஞ்சாறு மாசம் தூங்காத மனுசன்." குரல் உயர்ந்தது. "போ. இன்னைக்குப் போ. என் முன்னால நிக்காத."

நான் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குப் போனேனா, பாவத்துக்குப் போனேனா என்று யாரிடம் கேட்பது? அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தாள். கை மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது.

வாய்தா அன்று டவாலி வெளியே வந்து ஆகாயத்தைப் பார்த்தார். "வடிவம்மாள்..." அண்ணாச்சி துண்டை அவிழ்த்தார். "வடிவம்மாள்..." இடுப்பில் கட்டினார். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து, "நான்தான்" என்று குரல் வந்தது. அத்தை கல்யாண வீட்டுக்குப் போவதுபோல அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். ஊர் ஒதுங்கி வழிவிட்டது.

"ஏய், நீ என்னத்துக்கு வந்தே?" என்றார் அண்ணாச்சி.

"என்னைத்தானே கூப்பிடுதாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜட்ஜ் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு வார்த்தை விட்டுப்போச்சு ஐயா என்றாள். என்ன வார்த்தை என்றார். எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லாத அந்தச் சொல்லை, நடுவில் ஒரு தடவை தடுக்கி, அத்தை முழுதாகச் சொன்னாள். ஜெபமணி மேடம் காகிதத்தை நீட்டினார், அத்தை கையெழுத்துப் போட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இந்தத் திருத்தத்தால் தன் கட்சிக்காரர்களுக்குப் பாதிப்பில்லை என்றார். அவருக்கும் நிதியில் பணமும் ஊரில் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. பணத்துக்கான வழக்கு ஆடி மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கோர்ட் வாசலைத் தாண்டும்போதே வாசனை வந்தது. மண்டியில் மாதக்கணக்காக அடுக்கியிருந்த அத்தனை தாரும் ஒரே நேரத்தில் நிறம் மாறிக்கொண்டிருந்தன. கதவிடுக்கு வழியாகவும் ஓட்டு வழியாகவும் பழ வாசனை தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனது. பூதத்தான் ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். பையன்கள் கரகரத்த குரலில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் ஓடினேன். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி.

"உதைக்கிட்டி," என்றாள். "கோவமா உதைக்கி."

வாரக் கடைசியில் டாக்டரம்மா பார்த்து, ஒரு வார வளர்ச்சி சரியாக இருக்கிறது, பிரஷரும் இறங்குகிறது, இப்படியே போனால் ஆனியில் பிரசவம் என்றார். அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாள். "ஏட்டி ஆவுடை, கிளம்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேணும்." அண்ணாச்சி அத்தையோடு பேசுவதில்லை என்பதும், மண்டியைப் பூட்டிவிட்டார் என்பதும், பழமெல்லாம் உள்ளேயே கனிந்து வழிகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒன்றும் கேட்காமல் என்னை உள்ளே அனுப்பி நல்ல சேலையாகக் கட்டச் சொன்னாள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அத்தை அவள் வயிற்றைத் தொடவில்லை, பார்த்தாள் அவ்வளவுதான்.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறப்படும்வரை பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். டவுனில் கட்டி எந்த அளவு என்று சொல்வார்களோ, இந்த ஒரு வாரத்தில் அதுவும் வளர்ந்திருக்குமே என்று நினைக்காமலிருக்கப் பார்த்தேன்.

"என்னைக்குப் பிறக்கும்னாவ?"

"ஆனியில அத்தை."

"ஆனி," என்றாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.

பஸ் நகர்ந்து, கோயில் திருப்பத்தில் வேகம் குறைந்தபோது யாரோ படியில் தாவி ஏறினார்கள். கண்டக்டர் திட்டினார். பிறகு, "எங்க அண்ணாச்சி போகணும்?" என்று குரலை மாற்றிக் கேட்டார்.

"டவுன் ஆஸ்பத்திரி. மூணு."

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னை முழங்கையால் இடித்தாள்.

"வெயில்ல ஓடி வந்திருக்காவ. நீ முன் சீட்டுக்குப் போட்டி."